பதினேழாவது கட்டம்

ஆறு இருபதுக்கு அர்த்தநாரி சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். கூடத்தில் ஜன்னலோரமாக நிற்கிற, எங்கும் போகாத சைக்கிள். பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி, கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய பன்னிரண்டு பயிற்சிகளையும் தாண்டி, கடைசியில் 'யூ' என்ற எழுத்து வந்ததும் நிறுத்தினார். அது அவர் மனைவி தனபாக்கியம் தானே போட்டுக்கொண்ட பயிற்சி. இருபது கட்டம், கட்டத்துக்கு ஒரு பளு, இரண்டு நிமிஷம், மொத்தம் நாற்பது நிமிஷம். அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவள் புடவைகளை மகள் வளர்மதி ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டாயிற்று, அவள் செல்போன் நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. அவள் விரலால் அழுத்தி வைத்தது என்று இந்த வீட்டில் மிச்சம் இருப்பது இந்த இருபது கட்டம்தான், அதுவும் இன்றைக்குப் பதினொரு மணி வரைக்கும்தான். பதினொரு மணிக்கு ரிப்பேர்க்காரர் சாதிக் சைக்கிளுக்குப் புது டிஸ்ப்ளே பெட்டியோடு வந்துவிடுவார். முந்தாநாள் வந்து பார்த்தபோதே சொல்லிவிட்டார். "சார், டிஸ்ப்ளே முடிஞ்சிருச்சுங்க. வலது பக்கம் முச்சூடும் செத்துப்போச்சு. மீதி இன்னைக்கோ நாளைக்கோ, சொல்ல முடியாது. உங்க பொண்ணு ஆர்டர் போட்ட பொட்டி வந்ததும் மாத்திக் குடுத்தர்றேன்." "அதுக்குள்ள இருக்கறது?" "எதுங்க?" "உள்ள ஒண்ணு போட்டு வெச்சிருக்குது." "அதெல்லாம் பழைய பொட்டியோட போயிருங்க. ஆனா புதுசுலயும் இருபது கட்டம்தான். எந்தக் கட்டத்துக்கு எத்தனைன்னு எழுதி வைங்க, அப்படியே ஏத்தித் தந்தர்றேன்." "வலது பக்கந்தான் தெரியலையே." சாதிக் ஸ்குரு டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டே சிரித்தார். "அப்ப மிதிச்சுத்தான் பாக்கணும்." அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அர்த்தநாரி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்றைக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரிந்த பதின்மூன்று கட்டங்களின் பளு எண்களையும் எழுதி, அதைப் புத்தகம் வைக்கிற தட்டில் செருகி, பென்சிலையும் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று, நாலு, நாலு, ஐந்து, ஐந்து, ஆறு, ஆறு, ஏழு, ஏழு. அதற்குக் கீழே ஏழு வெற்றுக் கோடுகள். அந்த ஏழையும் காலால் மிதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பதின்மூன்றாவது கட்டத்துக்கு அப்பால் அவர் ஒருநாளும் போனதில்லை.

முதல் கட்டம் பஞ்சு மாதிரி இருந்தது. கால் பாட்டுக்குச் சுற்றியது. பளு ஒவ்வொரு அளவு ஏறும்போதும் இறங்கும்போதும் சைக்கிளின் வயிற்றுக்குள் ஒரு சின்ன மோட்டார் 'ர்ர்க்' என்று ஒரு இழுப்பு இழுக்கும். ஓர் அளவுக்கு ஒரு இழுப்பு, இரண்டு அளவுக்கு இரண்டு. எண் காட்டுகிற பக்கம் செத்துப்போனாலும் இந்தச் சத்தம் சாகவில்லை. காதால் வண்டி ஓட்டிய மனிதனுக்கு அது போதும். ர்ர்க். இரண்டு. இந்த வண்டி வந்த அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "டயரே இல்லாத வண்டிக்கு எதுக்கு மீட்டர்?" என்பதுதான். தனபாக்கியத்துக்குச் சர்க்கரை முந்நூற்றுச் சொச்சம் என்று வந்ததும், நடக்கச் சொன்னால் கன்னங்குறிச்சித் தெருவில் நாய்க்குப் பயந்து நடக்க மாட்டேன் என்கிறாள் என்று வளர்மதி வாங்கி அனுப்பியது. தனபாக்கியம் பிறந்ததிலிருந்து சைக்கிள் ஏறியவள் இல்லை. முதல் நாள் சீட்டில் உட்காரும்போது, "ஏங்க, பிடிச்சுக்கங்க, பிடிச்சுக்கங்க" என்று கத்தினாள். "விழாது. அதுக்குக் கால் நாலு இருக்குது." "நாலு கால் இருக்கற மாடே விழுது, இது விழாதாக்கும்." அவர் ஒரு கையால் சீட்டையும் இன்னொரு கையால் அவள் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நின்றார். நகராத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் கால் மணி நேரம் நின்றான் என்று யாரிடம் சொன்னால் நம்புவார்கள். அவள் இடுப்பு வேர்வையில் நனைந்து அந்தக் கைக்கு ஓர் ஈரம் வந்தது. முப்பத்தேழு வருஷம் குடும்பம் நடத்தி, பகலில் அவள் இடுப்பில் கை வைத்தபடி அவ்வளவு நேரம் நின்றது அன்றைக்குத்தான். பிடித்திருந்தது. மறுநாளும் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தார். கூப்பிடவில்லை, மறுநாளே தேறிவிட்டாள். ர்ர்க். மூன்று. அதற்கப்புறம் பன்னிரண்டு பயிற்சியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்று சமதளம். இரண்டாவது குன்று. மூன்றாவது பள்ளம். நாலாவது ஏணிப்படி. ஐந்தாவது கொழுப்பைக் கரைக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பேர் வைத்தாள். ஏணிப்படிக்கு 'மாமியார் வீட்டு மெத்தைப் படி'. ஏறி ஏறி இறங்குகிற ஒன்றுக்கு 'உங்க தங்கச்சி'. "ஏன், அவ என்ன பண்ணா?" "நல்லாருக்கேன்னு நெனைக்கும்போது ஒரு இழுப்பு இழுக்குதுங்க." எதுவும் அவளுக்கு ஒத்துவரவில்லை. ஒன்று ஆரம்பத்திலேயே மூச்சு வாங்க வைக்கிறது, ஒன்று முடியும்போது மூச்சு வாங்க வைக்கிறது என்று குறை. கடைசியில் ஒரு மத்தியானம், அவர் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, கூடத்தில் டிக் டிக் என்று வெகுநேரம் பொத்தான் சத்தம் கேட்டது. எழுந்து வந்து பார்த்தால், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குனிந்து நிற்கிறாள், நாக்கு நுனி வெளியே தெரிய, சின்னப் பிள்ளை கோலப்புள்ளி எண்ணுகிற மாதிரி. "என்ன பண்ற?" "எனக்குன்னு ஒண்ணு போட்டுக்கறேங்க. இதுல இருபது கட்டம் இருக்குது." பிறகு தலையைத் திருப்பாமலே, "உங்க மலையில கொண்டை ஊசி வளைவும் இருபதுதானுங்களே?" என்றாள். "இருபதுதான்." அவ்வளவுதான் பேச்சு. அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் தூக்கம் வரவில்லை. பத்தொன்பது வருஷம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அரசாங்க பஸ் ஓட்டியவனின் பெண்டாட்டி, தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொள்ளும்போது புருஷன் ஓட்டிய பாதையைப் போட்டுக்கொள்கிறாள். அதை நினைத்து விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்படித்தானா என்று போய்க் கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

ர்ர்க். நாலு. ஐந்து வளைவு தாண்டிவிட்டது, இனிதான் ஏற்றம் என்று கால் சொல்லியது. இந்த நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் இப்படித்தான் மிதிக்கிறார், கட்டத்துக்கு ஒரு வளைவாக. ஆறாவது வளைவில் பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து ரோட்டில் எப்போதும் ஒரு பட்டை ஈரம் இருக்கும். எட்டாவதில் குரங்குகள். அதற்கு மேலே காற்று மாறும், சட்டைக் காலருக்குள் குளிர் நுழையும், பின் சீட்டில் யாராவது வாந்தி எடுப்பார்கள், யாராவது எலுமிச்சம்பழம் நீட்டுவார்கள். வண்டி கியர் கேட்கும். கேட்கிறதற்கு முன்னாலேயே போட்டுக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் மலை டிரைவர். அவர் சீட்டுக்குப் பின்னால், கண்ணாடிக்கு மேலே, சிவப்பு எழுத்தில் ஒரு பலகை இருந்தது: ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். பத்தொன்பது வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் அவர். காலையில் முதல் வண்டி எடுத்தால் ராத்திரி எட்டு மணிக்குப் பணிமனையில் விடுகிற வரைக்கும், கண்டக்டரின் "ரைட்", "ஓல்டான்" தவிர அவர் காதில் பேச்சே விழாது. வீட்டுக்கு வந்தால் தனபாக்கியம் சொல்வாள், "அந்தப் பலகையக் கழட்டி வெச்சிட்டு வாங்கன்னு எத்தனை தடவ சொல்றது? கழுத்துலயே மாட்டிட்டு வர்றீங்க." அவர் சிரிப்பார். சிரிப்பதும் பதில்தானே என்று நினைத்துக்கொள்வார். ர்ர்க். ஐந்து. அவள் அவர் வண்டியில் மலை ஏறியது ஒரே ஒரு தடவை. வளர்மதிக்கு அப்போது ஆறு வயது. இன்ஜின் மூடிக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவர் எவ்வளவு அழகாக ஓட்டினார். ஒரு குலுக்கல் கிடையாது, ஒரு பிரேக் சத்தம் கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் சேலம் கீழே ஒரு தட்டு மாதிரி சுழன்று, இடப்பக்கம் வந்து, வலப்பக்கம் போயிற்று. இவள் பார்க்கட்டும், இவள் பார்க்கட்டும் என்று ஓட்டினார். கண்ணாடியில் பார்த்தால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே போய் இறங்கியதும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "உங்களுக்குப் பின்னால முடி வெட்டறவன் கோணலா வெட்டியிருக்கான்" என்றாள். எரிச்சல் வந்தது. இருபது வளைவு ஏற்றிக் கொண்டுவந்தவனிடம் சொல்கிற பேச்சா இது. அன்றைக்கு அவளுக்கு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாரா இல்லையா? கொடுத்தார். இல்லை, பிள்ளைக்கு மட்டும் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார். திரும்பி வண்டியை இறக்குகிற நடைக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கொடுக்கவில்லை.

ர்ர்க். ஆறு. பத்தாவது கட்டம். முதுகில் பனியன் ஒட்டிக்கொண்டது. வலது முழங்கால், கிளட்ச் மிதிக்காத கால்தான், ஆனால் அதுதான் முதலில் பேசுகிறது. பெட்டியில் இடது மூலையில் நேரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, இருபது நிமிஷம் மிச்சம். 'இருபது நிமிஷத்துக்கு மேல போகாதீங்கப்பா, உங்களுக்கு பிரஷர் இருக்குது' என்று வளர்மதி சொல்லியிருக்கிறாள். அவளுக்கு இன்றைய விஷயம் தெரியாது. தெரிந்தால் சாதிக்குக்கு போன் போட்டு ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லியிருப்பாள், ஒரு வாரத்துக்குள் மீதிப் பெட்டியும் செத்துப்போயிருக்கும். நேற்று சாயங்காலமே பன்னிரண்டாவது கட்டம் இரண்டு தடவை அணைந்து அணைந்து வந்தது. முன்னாலேயே பார்த்து எழுதி வைத்திருக்கலாமே என்று கேட்டால், என்ன பதில் சொல்ல? அவள் இருந்தவரை அந்தப் பெட்டியை அவர் ஏறிட்டும் பார்த்ததில்லை, அது அவள் அடுப்பு மாதிரி, அவள் சாமான். அவள் போன பிறகு பத்து மாதம் பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தார். கூடத்தில் யாரோ போர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் தாங்காமல் போர்வையை எடுத்தபோது, மழைக்கு ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருந்தது, வலது பக்கம் கருத்துப்போயிருந்தது. மூடி வைத்ததால்தான் போயிற்றோ. மூடாமல் இருந்திருந்தால், அந்தப் பக்கம் ஒருநாளாவது பார்த்திருந்தால். ர்ர்க். ஏழு. பன்னிரண்டாவது வளைவு. சமையலறை வாசலில்தான் விழுந்தாள், கையில் கரண்டியோடு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சு வரவில்லை. உதடு மட்டும் என்னவோ பண்ணியது. "பேசாத, பேசாத, டாக்டர் பேசக் கூடாதுன்னாரு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அவரால் அந்த உதட்டைப் பார்க்க முடியவில்லை, அதனால் சொன்னார். மூன்றாவது நாள் விடிகாலை அவளாகவே நிறுத்திக்கொண்டாள். பதின்மூன்று. இங்கேதான் தினமும் இறங்கிவிடுவார். முழங்கால் வலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். வலி உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. மேலே ஏழு கட்டம் மிதிக்காமல் இருக்கிற வரைக்கும், அவளிடத்தில் தான் இன்னும் போகாத இடம் ஏழு இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், தீர்ந்துவிடும்.

சத்தம் வந்தது. ர்ர்க். ஒரு இழுப்பு. எட்டு. அர்த்தநாரி மிதித்துக்கொண்டே பென்சிலை எடுத்து முதல் வெற்றுக் கோட்டில் எட்டு போட்டார். பதினாலாவது வளைவு. சரியாகத்தான் போட்டிருக்கிறாள். பதினாலில் ரோடு குறுகும், வலப்பக்கம் பள்ளம், எதிரே லாரி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எட்டு என்பது சரியான கணக்கு. எப்படித் தெரிந்தது அவளுக்கு? ஒரே ஒரு தடவை வந்தவள், அதுவும் ஜன்னலே பார்க்காதவள். அப்படியானால் அவர் சாப்பிடும்போது எப்போதாவது சொன்னதைக் கேட்டு வைத்திருக்கிறாள், மனசுக்குள் வளைவு வளைவாகக் கட்டி வைத்திருக்கிறாள். நெஞ்சு நிறைந்தது. நெஞ்சு நிறைந்ததா இல்லை அடைத்ததா? இடது தோளில் ஒரு சின்ன இழுப்பு. இது அதுவாக இருக்குமோ. இல்லை, பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறோம், அதனால். விரலைத் தளர்த்தினார். ஒருவேளை அதுவாகவே இருந்தால், கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, சாதிக் பதினொரு மணிக்கு வந்து தட்டுவார், திறக்காது, ஆறு எண் குறைவான ஒரு காலண்டர் தாள் தட்டில் இருக்கும். சாவதைவிட அந்தத் தாள் அப்படி அரைகுறையாக இருப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பதினைந்தாவது கட்டம் மாறியபோது சத்தமே இல்லை. மறுபடியும் எட்டு. எட்டு போட்டார். வேர்வை ஒரு சொட்டு தாளில் விழுந்து ஏழின் கால் நனைந்தது. மலையில் ஒரு சட்டம் உண்டு, மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழி விட வேண்டும், ஏறுகிறவன் நின்றுவிட்டால் திரும்பக் கிளப்புவது கஷ்டம். இறங்குகிறவர்கள் ஒதுங்கி நிற்க, அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏறிப் போவார். வழி விடு, வழி விடு. முழங்கால் அழுதது. மூச்சு வாயால் வந்தது, ஹா ஹா என்று, நாய் மாதிரி. அறுபத்திரண்டு வயசில், சர்க்கரையை வைத்துக்கொண்டு, இதையா அவள் தினமும் மிதித்தாள்? அவள் இப்படி மூச்சு வாங்கியதை அவர் கேட்டிருக்க வேண்டுமே, இதே கூடத்தில்தானே இருந்தார். கேட்டாரா? ஞாபகம் இல்லை. ர்ர்க். ஒன்பது. பதினாறு. தாளில் ஒன்பது போடும்போது பென்சில் முனை உடைந்தது. உடைந்த முனையால் கீறியே எழுதினார். இன்னும் நாலுதான். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இனி பத்து, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று போகும். உச்சிக்கு முன்னால் கடைசி நாலும்தான் அந்த மலையின் உயிர். வண்டி அழும், ரேடியேட்டர் கொதிக்கும், அப்புறம் ஒரு திருப்பத்தில் ஏரி தெரியும். நேரம் எட்டு நிமிஷம் ஐந்து விநாடி என்று காட்டியது. நாலு. மூன்று. அவர் சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழுந்து, உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலுக்குக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பத்தை மிதிப்பதற்குக் காத்திருந்தார்.

ர்ர்க், ர்ர்க், ர்ர்க், ர்ர்க், ர்ர்க், ர்ர்க், ர்ர்க், ர்ர்க். கால் காற்றில் விழுந்தது. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி மிதி அடியோடு போய், சுற்றி, அவர் நெஞ்சு கைப்பிடியில் போய் முட்டியது. போச்சு. பெட்டி செத்துவிட்டது. இன்னும் நாலே நாலு கட்டம், அதற்குள்ளே செத்துவிட்டது என்று குனிந்து பார்த்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஏழு ஐம்பத்தைந்து, ஏழு ஐம்பத்து நாலு. மோட்டார் ஒழுங்காகத்தான் இழுத்திருக்கிறது. எட்டு இழுப்பு. காது தப்பாக எண்ணாது. ஒன்பதிலிருந்து எட்டு போனால் ஒன்று. பதினேழாவது கட்டத்துக்கு ஒன்று போட்டிருக்கிறாள். கை தவறியிருக்கும், பத்து போட வேண்டியது பூஜ்யம் விழாமல், இல்லை, பொத்தான் அப்படிப்பட்டதில்லை, ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும். பதினெட்டில் சரியாகிவிடும். கால் தானாகச் சுற்றியது, பஞ்சு மாதிரி. மூச்சு மெல்ல வாயிலிருந்து மூக்குக்குப் போயிற்று. ஆறு நிமிஷம் வந்தது, பதினெட்டாவது கட்டம். சத்தம் இல்லை. ஒன்றேதான். ஏற்காட்டு மலையில் எந்த வளைவும் இப்படி இல்லை. உச்சிக்கு முன்னால் சமதளம் என்று அந்தப் பாதையில் ஒரு கஜம்கூடக் கிடையாது, அது அவருக்குத் தெரியாததா? அப்படியானால் இது அவர் மலை இல்லை. எந்நாளும் இருந்ததில்லை. இருபது என்று அவள் கேட்டது இருபது என்ற எண்ணுக்காக, சும்மா, கை வேலையாக இருக்கும்போது வாய் கேட்கிற மாதிரி. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இத்தனை நாளும் மலை ஏறியிருக்கிறார். பிறகு எதற்கு இந்த ஒன்று? எதற்குக் கடைசியில் எட்டு நிமிஷம் ஒருத்தி சும்மா காலைச் சுற்ற வேண்டும்? தலையைத் தூக்கினார். எதிரே சுவரோரம் பிரம்பு நாற்காலி. சைக்கிள் மேலிருந்து அந்த நாற்காலியை அவர் பார்த்ததே இல்லை, மிதிக்கும்போதெல்லாம் பெட்டியையும் முழங்காலையும்தான் பார்ப்பார். அது அவர் நாற்காலி. அவளும் ஆறு இருபதுக்குத்தான் சைக்கிளில் ஏறுவாள், ஆறே முக்காலுக்குப் பேப்பர் வரும். அவள் போட்டு வைத்த காபியை எடுத்துக்கொண்டு அதில்தான் உட்காருவார். ஓய்வு பெற்றதிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. அப்புறம் அவள், ஆமாம், அப்புறம் சைக்கிள் மேலிருந்து அவள் பேசுவாள்.

பேசினாள். தினமும் பேசினாள். அதற்குத்தான் மூச்சு வேண்டும். அவர் வந்து உட்காருவதற்கு முன்னால் கஷ்டத்தை எல்லாம் மிதித்து முடித்துவிட்டு, அவர் வந்து பேப்பரைப் பிரித்துக் காபியில் ரெண்டு வாய் குடித்த பிறகு பளுவை இறக்கி, எட்டு நிமிஷம், நாலு கட்டம். அவ்வளவு நேரம்தான் அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும், ஏழு மணி அடித்தால் பால் வாங்கக் கிளம்பிவிடுவார். அந்த மத்தியானம் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு அவள் எண்ணியது இதைத்தான். என்ன பேசினாள்? அர்த்தநாரி காலைச் சுற்றிக்கொண்டே தேடினார். கறிவேப்பிலைச் செடிக்கு எறும்பு வந்தது. மாடி வீட்டு அம்மா மோட்டாரை அணைக்காமல் போனது. அப்புறம்? ஒரு கனவு சொன்னாள் ஒருநாள், அதில் தண்ணீர் இருந்தது, தண்ணீருக்கு நடுவில் யாரோ, யார்? அப்பா என்றாளா, அத்தை என்றாளா? ஐந்து வருஷம், தினம் எட்டு நிமிஷம். அதில் பேப்பரில் வந்த மழை அளவு அவருக்கு ஞாபகம் இருக்கிறது, மேட்டூர் அணை நீர்மட்டம் ஞாபகம் இருக்கிறது. அவள் இங்கிருந்து பார்த்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு பேப்பர், அதற்கு மேலே நாலு விரல் அந்தப் பக்கம், நாலு விரல் இந்தப் பக்கம், கீழே இரண்டு பாதம். மூஞ்சி இல்லாத ஒரு மனிதன். அவனைப் பார்த்துக்கொண்டு மறுநாளும் அந்த எட்டு நிமிஷத்தை அவள் கலைக்கவில்லை. ஒருநாளாவது கோபம் வந்து, பொத்தானை அழுத்தி, அந்த நாலு ஒன்றையும் பத்தாக மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. இங்கே இருக்கிறது, காலுக்குக் கீழே, அப்படியே இருக்கிறது. "பாக்கியம்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். குரல் நன்றாக, மூச்சு வாங்காமல் வந்தது. பிரம்பு நாற்காலியின் முதுகில் ஒரு பிரம்பு அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. முனை உடைந்த பென்சிலால் பதினேழுக்கு ஒன்று போட்டார், பதினெட்டுக்கு ஒன்று போட்டார்.

தட்டில் இருந்த போன் அதிர்ந்தது. வளர்மதி. தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள், ஒரு நிமிஷம் பேசுவாள். "அப்பா, எந்திரிச்சாச்சா?" "ம், ஆச்சு." "மாத்திரை?" "போட்டேன்." "சாதிக் பாய் பதினொண்ணுக்கு வந்துருவாராம், வெளிய எங்கயும் போயிராதீங்க. சரிப்பா, வெச்சர்றேன்." "வைக்காத." "என்னப்பா?" "வைக்காத, இரு." "என்னாச்சு? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல. எதாச்சும் சொல்லு." "என்னத்தச் சொல்றது?" "எதுனாலும் சொல்லு. நாலு நிமிஷத்துக்கு மேல இருக்குது." "நாலு நிமிஷமா, எதுக்கு?" அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. "அப்பா, வீடியோல வாங்க, மூஞ்சியக் காட்டுங்க எனக்கு." "மூஞ்சி இருக்கற எடத்துலதான் இருக்குது. நீ சொல்லும்மா." வளர்மதி சிரித்தாள், பயந்துகொண்டே சிரிக்கிற சிரிப்பு. "என்னமோ பண்றீங்க. என்னத்தச் சொல்ல? இங்க குழாய் ஒழுகுதுன்னு ஒருத்தனக் கூப்டம்ப்பா. மூணு நாளா வர்றான், போறான். மொத நாள் வந்து வாஷர் இல்லன்னான், சரின்னு விட்டோம். நேத்து வந்தவன் வாஷர் கொண்டாந்தான், ஸ்பானர மறந்துட்டு வந்துட்டான்." "அப்பறம்?" என்றார் அர்த்தநாரி. "அப்பறம் என்ன, பக்கத்து வீட்டுல ஸ்பானர் கேட்டு வாங்கிக் குடுத்தா, இது எட்டாம் நம்பர், எனக்குப் பத்தாம் நம்பர் வேணும்ங்கறான்." "பத்தாம் நம்பருக்கு எங்க போன?" "அதக் கேளுங்க, உங்க மாப்ள வண்டியோட டூல்ஸ் பையத் தேடி எடுத்தாரு, அதுக்குள்ள இவன் கிளம்பிப் போய்..." அவள் குரலில் இருந்த பயம் போய்விட்டது, சொல்கிற ருசி வந்துவிட்டது. பத்தொன்பதாவது கட்டம் சத்தமில்லாமல் வந்தது. இடது கையால் ஒன்று போட்டார். இருபதும் சத்தமில்லாமல் வந்தது. ஒன்று போட்டார். தாள் நிறைந்துவிட்டது, அவர் அதைப் பார்க்கவில்லை. குழாய்க்காரன் பேர் என்ன, அவன் ஏன் அப்படிக் கிளம்பிப் போனான், குடத்தை எங்கே வைத்தீர்கள், ராத்திரி சொட்டுச் சத்தத்தில் பிள்ளை தூங்கினாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெட்டி நாலு தடவை கூவி, இடது மூலையில் மூன்று பூஜ்யங்களைக் காட்டி ஓய்ந்தது. அர்த்தநாரி மிதிப்பதை நிறுத்தவில்லை. வளர்மதி இன்னும் குழாய்க்காரன் கதையை முடிக்கவில்லை.